படகுத்துறையின் தேவையை எப்படி அளப்பது? திரும்பிப் போனவர்களை யார் எண்ணுவது?

அலைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். எங்கள் படகுக் குழுவிடம் ஒரு பொறுப்பு வந்திருக்கிறது. ஒரு பொதுச் சாய்தளம் (டிரெய்லரில் வரும் படகை நீரில் இறக்கி ஏற்றும் சரிவு), அதை ஒட்டி 60 படகுகள் கட்டக்கூடிய சிறிய மெரினா. இரண்டுக்கும் அடுத்த பத்து ஆண்டுகளில் என்னென்ன வேண்டும் என்று மதிப்பீடு செய்து அறிக்கை கொடுக்க வேண்டும். வேலையை ஆரம்பித்துவிட்டோம். சாய்தளத்தில் நின்று வருபவர்களிடம் படிவம் கொடுத்து நிரப்பி வாங்கினோம். மெரினாவில் படகு வைத்திருப்பவர்களுக்கும் கேள்விகளை அனுப்பினோம். பெரும்பாலானோர் "வசதிகள் திருப்தி" என்றே எழுதியிருந்தார்கள்.

போன ஞாயிறு காலை 5.30க்கே போய் நுழைவாயில் பக்கம் உட்கார்ந்தேன். 9 மணிக்கு டிரெய்லர் நிறுத்தும் 40 இடங்களும் நிரம்பிவிட்டன. அதன்பிறகு ஒன்றரை மணி நேரத்தில் 11 வண்டிகள் படகை இழுத்துக்கொண்டு வந்தன, ஒரு சுற்று சுற்றின, வந்த வழியே போய்விட்டன. ஒரு வண்டியில் பின்சீட்டில் இரண்டு குழந்தைகள் லைஃப் ஜாக்கெட் மாட்டித் தயாராக இருந்தார்கள். சாய்தளம் அவர்களுக்கு ஜன்னல் வழியாகத் தெரிந்தது. வண்டி திரும்பியதும் சின்னவன் ஜாக்கெட்டைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தான்.

அந்த 11 பேரில் ஒருவர்கூட என் படிவத்தில் இல்லை. உள்ளே வந்தவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு "திருப்தி" என்று எழுதப் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து மனசு சரியில்லை. இந்த வேலையைச் செய்தவர்கள், செய்யப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எதை அளக்க வேண்டும்? எங்கே நின்று அளக்க வேண்டும்?

பழைய துறைக்காரன்

பல வருடம் ஒரு மெரினாவைப் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் நுழைவாயிலில் உட்கார்ந்ததுதான் சரியான இடம். சாய்தளத்தில் நிற்பவர் கண்ணுக்குப் படகுதான் தெரியும். வரிசை தெரிய வேண்டுமென்றால் வாசலுக்குத்தான் போக வேண்டும்.

காத்திருப்போர் பட்டியலை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். எங்களிடம் ஒரு காலத்தில் பட்டியல் ரொம்ப நீளமாக இருந்தது. புதிதாக ஒரு வரிசை மிதவை (படகுகளைக் கட்டும் மிதக்கும் மேடை) போட்டால் உடனே நிரம்பிவிடும் என்று பேச்சு. ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டேன். பாதிப்பேர் பக்கத்துத் துறைகளிலும் பெயர் கொடுத்திருந்தார்கள். சிலர் படகையே விற்றுவிட்டார்கள். இன்னும் சிலரின் படகுக்கு எங்களிடம் இருந்த இடம் பத்தாது. அகலமான படகு, அதிலும் இரட்டை உடல் கொண்ட கட்டமரான் வைத்திருப்பவருக்கு ஒற்றைப் படகுக்கான கட்டுமிடத்தைக் காட்டி என்ன பிரயோஜனம்?

அதனால் பட்டியலில் எத்தனை பேர் என்பதோடு நின்றுவிடாதீர்கள். படகு எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், நீருக்கடியில் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதையும் கேட்டு வாங்குங்கள். எனக்குத் தெரிந்து நிறைய இடங்களில் உண்மையான பற்றாக்குறை ஆழத்தில்தான். வண்டல் படிந்து, நீர் இறங்கும் நேரத்தில் பாதிக் கட்டுமிடங்கள் உதவாமல் போயிருக்கும். கணக்கில் 60 இருக்கும், கையில் 40 இருக்கும். தூர் வாரினாலே தீரும் பிரச்சினைக்குப் புது மிதவைக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஓதக்கணக்கு

நான் கடலோரக் கட்டுமானத்தில் வேலை பார்ப்பவன். அலைக்கரை அவர்களே, நீங்கள் சொன்ன எண்களை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். சாய்தளத்தில் எத்தனை தடம், அதாவது ஒரே நேரத்தில் எத்தனை வண்டி இறங்கலாம்? ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஒவ்வொரு படகும் சாய்தளத்தை இரண்டு முறை பிடித்துக்கொள்கிறது, இறங்க ஒரு தடவை, ஏற ஒரு தடவை. காலையில் ஆளுக்கொரு நேரம் வருவதால் இறங்குவது சமாளித்துவிடும். மாலையில் வெயில் தாழ்ந்ததும், அல்லது காற்று திடீரென்று மாறினால், எல்லோரும் ஒன்றாகத் திரும்புவார்கள். ஒரு படகை ஏற்ற 10 நிமிடம் என்றால், 40 படகுக்கு 400 நிமிடம். ஏறக்குறைய 7 மணி நேரம்! கடைசிப் படகு இருட்டில், சோர்ந்துபோன ஆட்களோடு, தண்ணீரில் காத்திருக்கும். பெரும்பாலான உரசலும் விழுதலும் நடப்பது அந்த வரிசையில்தான்.

அதே வேலையை 5 நிமிடத்தில் முடிக்க முடிந்தால் நேரம் பாதியாகிவிடும். அதற்குப் புதுத் தடம் போட வேண்டிய அவசியம்கூட இல்லாமல் போகலாம். சாய்தளத்துக்கு மேலே, வழிக்கு வெளியே, ஒரு தயாரிப்பு இடம் இருக்கிறதா பாருங்கள். கட்டை அவிழ்ப்பது, பொருள் ஏற்றுவது, அடியில் வடிகால் மூடியைப் போட்டாயிற்றா என்று பார்ப்பது எல்லாம் அங்கேயே முடிந்துவிட வேண்டும். சாய்தளத்தின் பக்கத்திலேயே படகைக் கொஞ்ச நேரம் கட்டி வைக்க ஒரு சிறு மிதவையும் வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் எல்லாரும் சாய்தளத்தின் மேலேயே நின்று மூட்டை கட்டுவார்கள். கைக்கடிகாரத்தை வைத்து, ஒவ்வொரு படகுக்கும் எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் போகிறது என்று குறித்துப் பாருங்கள். பத்தில் ஆறேழு நிமிடம் சாய்தளத்தில் செய்யத் தேவையே இல்லாத வேலையாக இருக்கும் என்பது என் எதிர்பார்ப்பு.

சாய்தளத்தின் சரிவையும் அளந்துவிடுங்கள். 12 முதல் 15 சதவீதம் என்பதுதான் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. அதைவிடத் தட்டையாக இருந்தால், படகு மிதப்பதற்கு முன்பே இழுக்கும் வண்டியின் பின்சக்கரமும் புகைக்குழாயும் தண்ணீருக்குள் போய்விடும். செங்குத்தாக இருந்தால் ஈரத்தில் சக்கரம் பிடிக்காது. கான்கிரீட் மேற்பரப்பில் ஆழமான கோடுகள் கீறியிருக்கிறார்களா, அவை பாசியில் மூடிப்போயிருக்கின்றனவா என்று காலால் தேய்த்துப் பாருங்கள்.

இன்னொன்று, சாய்தளத்தின் கடைசி முனை. இதை யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் அது தண்ணீருக்குள் இருக்கிறது. டிரெய்லர் மேல் படகை ஏற்ற இன்ஜினை முழு வேகத்தில் விடுகிறார்கள் இல்லையா, அந்த நீர்வீச்சு கான்கிரீட் முடியும் இடத்தில் மண்ணை அரித்துக் குழி பறிக்கிறது. அரித்த மண் கொஞ்சம் தள்ளி மேடாகக் குவிகிறது. நீர்மட்டம் இறங்கும் மாதத்தில் டிரெய்லர் சக்கரம் முனையைத் தாண்டிக் குழிக்குள் விழும். படகு மேட்டில் தட்டும். ஒரு நீளக் கம்பியை எடுத்துக்கொண்டு முனையில் இறங்கிக் குத்திப் பாருங்கள். நீர்மட்டம் ஆகக் குறைவாக இருக்கும் நாளிலும் முனைக்கு மேல் 1 மீட்டராவது தண்ணீர் நிற்க வேண்டும்.

துடுப்புக்காரி

எல்லாரும் டிரெய்லரையே பேசுகிறீர்கள். கயாக்கில், அதாவது துடுப்புப் போடும் ஒடுக்கமான படகில், போகிறவர்களையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எங்களுக்குச் சாய்தளம் தேவையே இல்லை. ஆனால் வேறு வழி இல்லாததால் அங்கேதான் இறங்குகிறோம். பின்னால் பெரிய வண்டி உறுமிக்கொண்டு நிற்கும். நான் பாசியில் வழுக்காமல் கால் வைத்து உட்காருவதற்குள் யாராவது ஹார்ன் அடிப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அவர்களுக்கும் அவசரம். ஆனால் எங்களை ஒதுக்கி ஒரு இடம் கொடுத்தால் அவர்களுடைய வரிசையும் குறையுமே.

மெரினா மிதவையில் இறங்கலாம் என்பார்கள். மிதவை நீர்மட்டத்திலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கயாக்கின் விளிம்பு ஒரு சாணும் கொஞ்சமும்தான். அந்த உயரத்திலிருந்து ஒரு ஒடுக்கமான, ஆடுகிற படகுக்குள் இறங்கிப் பாருங்கள், தெரியும். தாழ்ந்த மிதவை ஒன்று, அல்லது கூழாங்கல் போட்ட சரிவான கரை, இவ்வளவுதான் நாங்கள் கேட்பது. வண்டியிலிருந்து நீர் வரைக்கும் தூக்கிப் போகும் தூரத்தையும் அளந்து எழுதுங்கள். இருவர் தூக்கினாலும் நீளமான கயாக்கைப் படிக்கட்டில் திருப்ப முடியாது.

சக்கரமும் பாயும்

இந்த இழைக்காகவே கணக்குத் தொடங்கினேன். நான் சக்கர நாற்காலியில் இருப்பவன். பாய்மரப் படகு ஓட்டுவேன். தண்ணீரில் இறங்கிவிட்டால் எனக்கும் மற்றவருக்கும் வித்தியாசம் இல்லை. கரைக்கும் படகுக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கொஞ்ச தூரம்தான் என் பிரச்சினை முழுவதும்.

ஒருமுறை ஒரு துறைக்குப் போனேன், பெயர் வேண்டாம். "மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி உண்டு" என்று பலகையே இருந்தது. வண்டி நிறுத்த அகலமான இடம் இருந்தது, கழிவறை நன்றாக இருந்தது. கரையிலிருந்து மிதவைக்குப் போகும் இணைப்புப் பாலம் வரை சுகமாகப் போனேன். நீர் இறங்கியிருந்த நேரம். பாலம் 9 மீட்டர் இருக்கும், அதன் மறுமுனை 2 மீட்டர் கீழே இருந்தது. நாலரை அடிக்கு ஒரு அடி இறக்கம். என் கை பிரேக்காக இருந்தால்கூட அதில் இறங்க முடியாது. நண்பர்கள் இரண்டு பேர் முன்னாலும் பின்னாலும் பிடித்து இறக்கினார்கள். கீழே போனதும் பாலத்தின் முனையில் ஒரு தகட்டு விளிம்பு, இரண்டு விரல் உயரம். முன்சக்கரம் அதில் முட்டி நின்றது. நாற்காலி நிற்க, நான் முன்னால் சரிந்தேன். விழவில்லை. ஆனால் அன்றைக்குப் படகில் ஏறாமலேயே திரும்பி வந்தேன். திரும்ப மேலே தள்ளுவதற்கு இன்னும் ஒருவரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

அங்கே மதிப்பீடு செய்தவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. நீர் ஏறியிருந்த நேரத்தில் வந்து பார்த்திருப்பார். அப்போது பாலம் கிட்டத்தட்ட மட்டமாக இருந்திருக்கும்.

அமெரிக்காவின் 2010 ஆம் ஆண்டு அணுகல் விதிகளில் இதைப் பற்றி யோசித்து எழுதியிருக்கிறார்கள். பாலத்தின் சரிவு 12க்கு 1 இருக்க வேண்டும். அதே சமயம் பாலம் 24 மீட்டராவது நீளமாக இருந்தால், நீர் ரொம்ப இறங்கும்போது சரிவு அதைத் தாண்டலாம் என்று விலக்கு உண்டு. கணக்கு எளிது. 2 மீட்டர் இறக்கத்துக்கு 12 மடங்கு, 24 மீட்டர். 25 கட்டுமிடத்துக்கும் குறைவான சிறு துறைக்குச் சுமார் 9 மீட்டர் பாலமே போதும் என்றும் ஒரு விலக்கு உண்டு. என்னைக் கேட்டால், நீர்மட்டம் அதிகம் மாறும் இடத்தில் அந்த 9 மீட்டர் வெறும் காகிதத்தில்தான் வசதி. 51 முதல் 100 கட்டுமிடம் வரை உள்ள துறையில் குறைந்தது 3 இடமாவது எங்களைப் போன்றவர்கள் அணுகும்படி இருக்க வேண்டும் என்றும், அந்த இடங்களில் மிதவை சுமார் 1.5 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. உங்கள் 60 கட்டுமிட மெரினா எந்த நாட்டில் இருந்தாலும் இந்த 3 ஒரு நல்ல தொடக்கம். நீர்வழிக் கட்டுமானத்துக்கான உலக அமைப்பு பியாங்க், 1885இல் தொடங்கியது, அதுவும் பொழுதுபோக்குப் படகுத்துறைகளுக்கென்றே மாற்றுத்திறனாளிகளின் அணுகலைப் பற்றி 2004இல் தனி வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது.

அலைக்கரை அவர்களே, உங்கள் படிவத்தில் என் போன்ற எத்தனை பேர் இருந்தார்கள்? ஒருவரும் இல்லையென்றால், "தேவை இல்லை" என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள்.

அலைக்கரை

ஒருவரும் இல்லை. அறிக்கையின் முதல் வரைவில் "இவ்வகைப் பயனர் எவரும் பதிவாகவில்லை" என்று ஒரே வரியில் எழுதியிருந்தேன். அந்த வரியை இப்போதுதான் நீக்கினேன். நீங்கள் எழுதியதைப் படித்தபிறகு அந்த வரியைப் பார்க்கவே முடியவில்லை. எங்கள் பாலத்தை அளந்திருக்கிறோம், ஆனால் எந்த நேரத்தில் அளந்தோம் என்று குறிப்பில் இல்லை. நீர் ஆகத் தாழ்ந்திருக்கும் நேரத்தில் மறுபடி போய் அளக்கிறோம்.

ஓதக்கணக்கு அவர்களே, ஆமாம், ஒரே தடம்தான். தயாரிப்பு இடம் கிடையாது.

நீர்மின்

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். மெரினாவில் படகுகளுக்குக் கரை மின்சாரம் உண்டா? இருந்தால் அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள், அதை மட்டும் தகுதியுள்ள மின்பணியாளரை வைத்தே சோதியுங்கள். பழைய கேபிளோ, ஒரு படகின் கெட்டுப்போன இணைப்போ தண்ணீருக்குள் மின்சாரத்தைக் கசியவிட்டால், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நன்னீரில் இது இன்னும் மோசம். உப்புநீர் மின்சாரத்தை எளிதாகக் கடத்திவிடுகிறது. நன்னீரில் மனித உடம்பு நீரைவிட நல்ல கடத்தி, அதனால் மின்சாரம் உடம்பு வழியாகப் பாயும். தசை விறைத்துப் போகும், நீந்தத் தெரிந்தவரும் சத்தமில்லாமல் மூழ்கிவிடுவார். பார்ப்பவர்கள் சாதாரணமாக மூழ்கியதாகத்தான் நினைப்பார்கள். காப்பாற்றக் குதிப்பவரும் போய்விடுவார்.

அதனால் கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் கருவி ஒவ்வொரு மின்கம்பத்திலும் இருக்கிறதா, சோதனைப் பொத்தானை அழுத்தினால் உண்மையில் துண்டிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மின்சாரம் உள்ள துறையில் யாரும் நீந்தக் கூடாது என்ற பலகை, நீரிலிருந்து பார்த்தாலும் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். அப்புறம் ஏணி. அரை மீட்டர் உயர மிதவையில், நனைந்த உடையோடு, தானாகக் கையூன்றி ஏறக்கூடியவர்கள் மிகக் குறைவு. ஏணி தண்ணீருக்குள் நன்றாக இறங்கியிருக்க வேண்டும், விழுந்தவர் கைக்கு எட்ட வேண்டும். மேலே மடக்கி வைத்து, கரையில் நிற்பவர்தான் இறக்க வேண்டும் என்றால், தனியாக விழுந்தவருக்கு அது இருந்தும் இல்லாததுதான்.

பழைய துறைக்காரன்

நீர்மின் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். ஏணியை நானே நீரில் இறங்கிச் சோதித்தவன். கடைசிப் படி முழங்கால் உயரத்தில் இருந்தால் ஏற முடியாது, இன்னும் கீழே வேண்டும்.

படகுகளின் கழிவறைக் கழிவுநீரை உறிஞ்சி எடுக்கும் பம்பையும் எழுதிக்கொள்ளுங்கள். பம்ப் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் "இருக்கிறது" என்று பதில் வரும். போய் இயக்கிப் பாருங்கள். பல இடங்களில் குழாய் வெடித்திருக்கும், அல்லது அந்த மிதவையில் யாரோ நிரந்தரமாகப் படகைக் கட்டி வைத்திருப்பார்கள். போக வழி இல்லையென்றால் கழிவு எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஓதக்கணக்கு

படகைக் கழுவும் இடமும் அணுகலில் சேர்ந்ததுதான். வட அமெரிக்காவின் பெரும் ஏரிகளில் 1988இல் வரிக்குதிரைச் சிப்பி என்ற ஆக்கிரமிப்பு உயிரினம் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்கு டிரெய்லர் படகுகளோடும் அது பரவியிருக்கிறது. அதன் குஞ்சுகள் கண்ணுக்கே தெரியாது, படகின் அடியில் தேங்கிய நீரில் உயிரோடு பயணம் செய்யும். கழுவு, வடித்துவிடு, காயவிடு, இந்த மூன்றும்தான் வழி. கழுவ இடமில்லாமல் "கழுவிவிட்டு வாருங்கள்" என்று பலகை மட்டும் வைத்தால் யாரும் செய்ய மாட்டார்கள். கழுவிய நீர் மறுபடி நீர்நிலைக்குள் ஓடாமல் மண்ணுக்குள் போகும்படி இடம் பாருங்கள்.

கட்டுமிடங்களுக்கு இடையே படகு திரும்பும் ஓடையையும் அளந்துவிடுங்கள். அந்த வரிசையில் உள்ள மிக நீளமான படகின் ஒன்றரை மடங்காவது அகலம் வேண்டும், காற்று அதிகமுள்ள இடத்தில் ஒன்றே முக்கால் நல்லது. படகுகள் ஆண்டாண்டாகப் பெரிதாகிக்கொண்டே போக, ஓடை மட்டும் பழைய அகலத்திலேயே இருக்கும். கட்டுமிடத்துக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் படகுகள் அதையும் தின்றுவிடும்.

மிதவையைப் பிடித்து நிறுத்தும் தூண்களின் உச்சியையும் பாருங்கள். பெரும்புயலில் நீர் ஏறும்போது மிதவைகள் தூணுக்கு மேலே எழும்பி, கட்டிய படகுகளோடு மொத்தமாக மிதந்து போன துறைகள் உண்டு. தூண் உயரத்தை, இதுவரை பதிவான மிக உயர்ந்த நீர்மட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

துடுப்புக்காரி

திரும்பிப் போனவர்களை எப்படிக் கேட்பது என்பதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே? எனக்குத் தோன்றுவது இது. வாசலில் ஒருவர் நின்று, திரும்பும் வண்டியை நிறுத்தி இரண்டே கேள்வி கேட்கலாம். "இதற்கு முன் எத்தனை முறை இப்படித் திரும்பினீர்கள்? இப்போது எங்கே போகிறீர்கள்?" நீளப் படிவத்தை நீட்டினால் கோபத்தில் இருப்பவர் நிரப்ப மாட்டார். அப்புறம், வராமலேயே இருப்பவர்கள். படகுப் பதிவேட்டில் பெயர் இருந்தும் துறைக்கு வராதவர்கள், நீச்சல் குழுக்கள், மீன்பிடிக்கும் முதியவர்கள், மாற்றுத்திறனாளி அமைப்புகள். இவர்களைத் தேடிப் போய்த்தான் கேட்க வேண்டும். துறைக்குள் காத்திருந்தால் கிடைக்க மாட்டார்கள்.

ஞாயிறு மட்டும் போதாது, ஒரு சாதாரணப் புதன்கிழமையும் எண்ணுங்கள். விடுமுறைக் கூட்டத்தை மட்டும் பார்த்து நாலு தடம் கட்டிவிட்டால் மற்ற நாளெல்லாம் கரை முழுக்க வெறும் கான்கிரீட்டாகக் கிடக்கும். எனக்கு அந்தக் கரையின் நாணலும் வேண்டும்.

அலைக்கரை

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. குழுவில் பேசிவிட்டு வந்தேன், முடிவானதை எழுதிவிடுகிறேன்.

அறிக்கை கொடுக்கும் நாளைத் தள்ளிக் கேட்டோம், கிடைத்தது. இரண்டு ஞாயிறு, இரண்டு புதன், காலையிலிருந்து இருட்டும் வரை வாசலிலும் சாய்தளத்திலும் ஆள் நிற்கும். வாசலில் இரண்டு கேள்வி மட்டும். சாய்தளத்தில் கைக்கடிகாரம். முனையில் கம்பி குத்திப் பார்க்க நானே இறங்குகிறேன். புதுத் தடம் என்ற பரிந்துரையை இப்போதைக்கு எடுத்துவிட்டோம். முதலில் தயாரிப்பு இடத்தையும் பக்கத்து மிதவையையும் வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறோம். தாழ்ந்த மிதவைக்கு நாணல் இல்லாத ஒரு மூலை இருக்கிறது, அதையும் குறித்திருக்கிறேன். மின்சோதனைக்குத் தனி ஆள் பேசியாயிற்று.

சக்கரமும் பாயும் அவர்களே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பாலத்தை அளக்கும் நாளில் நீங்களும் வர முடியுமா? நாடா பிடித்து அளந்தால் சரிவு தெரியும். இரண்டு விரல் உயர விளிம்பு எங்கள் கண்ணுக்குத் தெரியாது.

சக்கரமும் பாயும்

வருகிறேன். நீர் ஆகத் தாழும் நேரம் எப்போது என்று மட்டும் சொல்லுங்கள். அந்த நேரத்துக்குக் கால் மணி முன்னாலேயே அங்கே இருப்பேன். கைகொடுக்க இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஆனால் நான் சொல்லும் வரை யாரும் நாற்காலியைத் தொடக் கூடாது. எந்த இடத்தில் நிற்கிறேன் என்று அங்கேயே சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

அலைக்கரை

வரும் வியாழன், காலை 6.40. சாக்பீஸ் கொண்டுவருகிறேன்.